தோல் அறியும் சூடும் குளிரும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் எழுந்து, ஒரு கையை மரக்கதவின் மீதும் மற்றொரு கையைச் சன்னலின் இரும்புக் கம்பி மீதும் வைத்துப் பாருங்கள். கம்பி சில்லென்று இருக்கும். மரம் அவ்வளவு குளிர்ச்சியாகத் தோன்றாது. இரும்புதான் மரத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வோம். ஆனால் ஒரு வெப்பமானியைக் கொண்டு அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். இரவெல்லாம் ஒரே காற்றில் நின்ற இரு பொருள்கள் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கக் காரணமில்லை. அப்படியானால் பொய் சொல்வது வெப்பமானியா, நம்முடைய கையா?

முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் நான். இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கேட்பேன். "கைதான் சார் பொய் சொல்கிறது" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறும். நானும் அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த விடை சரியன்று என்பதை ஒரு மாணவனுடைய கை எனக்குக் கற்பித்தது. அந்த நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், கை செய்கிற வேலை இன்னதென்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கையின் தோல் சாதாரணமாக ஏறத்தாழ 33 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. விடியற்காலைக் காற்றோ 20 டிகிரிதான். இரும்பைத் தொட்டதும் கையிலுள்ள வெப்பம் இரும்புக்குள் பாய்கிறது. இரும்பு மரத்தைக் காட்டிலும் சில நூறு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. எனவே தொட்ட இடத்துத் தோல் விரைந்து குளிர்கிறது. மரத்தைத் தொட்ட தோல் அவ்வாறு குளிர்வதில்லை. தோலில் உள்ள நரம்பு நுனிகள் அறிவது தாம் குடியிருக்கும் தோலின் வெப்பத்தையே தவிர, வெளியே இருக்கும் பொருளின் வெப்பத்தை அன்று. ஆகவே கை பொய் சொல்லவில்லை. "இந்தக் கம்பியின் வெப்பநிலை என்ன?" என்று நாம் கேட்டோம். "உன் தோல் விரைந்து குளிர்கிறது, கவனமாயிரு" என்று அது சொல்லிற்று. கேட்ட கேள்வி ஒன்று, வந்த விடை மற்றொன்று.

இதனினும் வியப்பான ஒரு சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பனிக்கட்டி இட்ட நீர், ஒன்றில் கை பொறுக்கும் அளவு வெந்நீர், நடுப் பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர். இடக் கையைக் குளிர்ந்த நீரிலும் வலக் கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் ஒருசேர நடுப் பாத்திரத்தில் இடுங்கள். ஒரே தண்ணீர், இடக் கைக்குச் சுடும். வலக் கைக்குக் குளிரும். 1690ஆம் ஆண்டிலேயே ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் இதனைத் தம் நூலில் எடுத்துக் காட்டினார். ஒரே நீர் ஒரே சமயத்தில் சூடாகவும் குளிராகவும் இருக்க முடியாது. ஆகையால் சூடு என்று நாம் உணர்வது நீரிலே இருப்பதன்று, நம்மிடத்தில் நிகழ்வது என்பது அவருடைய வாதம். தத்துவ அறிஞர் அவ்வளவில் நிறுத்திக்கொண்டார். நம்மிடத்தில் எங்கே நிகழ்கிறது என்று தேடும் வேலை உடலியல் அறிஞருக்கு மிச்சமாயிற்று. அதைத் தொடங்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின.

1882இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரில் மாக்னுஸ் பிலிக்ஸ் என்பவர், உள்ளே நீர் ஓடும்படி அமைந்த கூர்மையான ஓர் உலோக முனையைக் கொண்டு தோலைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். தோல் முழுவதும் ஒரேவிதமாக உணரவில்லை. குளிர்ந்த முனை சில புள்ளிகளில் மட்டும் பளிச்சென்று குளிர்ந்தது. அடுத்த இடத்தில், ஒரு நூலிழை தள்ளி, வெறும் தொடுதலாக மட்டும் இருந்தது. வெந்நீர் ஓடும் முனைக்கு வேறு சில புள்ளிகள் விடை கூறின. குளிரை அறியும் புள்ளிகள் தனி, சூட்டை அறியும் புள்ளிகள் தனி! இவரைப் பற்றி அறியாமலேயே பெர்லினில் கோல்ட்ஷைடரும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டொனால்ட்சனும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இதையே கண்டறிந்தார்கள். டொனால்ட்சன், புள்ளியின் அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தம்முடைய தோலிலிருந்தே துணுக்குகளை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்துத் தேடினார். நரம்பிழைகளைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

பிலிக்ஸ் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். மழுங்கிய ஆணி ஒன்றைப் பனிக்கட்டி நீரில் நனைத்து, துடைத்து, புறங்கையில் மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே போங்கள். குளிரும் புள்ளிக்கு மையால் ஓர் அடையாளம் இடுங்கள். அரை மணி நேரத்தில் கையின் மேல் ஒரு விண்மீன் கூட்டமே தோன்றிவிடும். அதே கையில் சூட்டுப் புள்ளிகளைத் தேடுவோருக்குப் பொறுமை வேண்டும். அவை குளிர்ப்புள்ளிகளைவிடப் பல மடங்கு குறைவு.

1895இல் ஜெர்மானிய அறிஞர் ஃபான் ஃப்ரை ஒரு விந்தையைக் கண்டார். ஒரு குளிர்ப்புள்ளியை 45 டிகிரிக்கு மேற்பட்ட சூடான முனையால் தொட்டால், அந்த இடம் சுடுவதில்லை, குளிர்கிறது! குளிர்ப்புள்ளியின் நரம்புக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. எதனால் எழுப்பினாலும் எழுந்ததும் அது "குளிர்" என்றே சொல்கிறது. கண்ணில் அடி பட்டால் ஒளி தெரிவதும் இதுபோலத்தான். ஆனால் இதே அறிஞர் தோலில் காணப்படும் இரண்டுவகை உருண்டை உறுப்புகளைச் சுட்டி, ஒன்று குளிரை அறிவது, மற்றொன்று சூட்டை அறிவது என்று கருதினார். அந்தக் கருத்து தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆயினும் பாடப்புத்தகங்கள் அதை எளிதில் விடவில்லை. நானும் சில ஆண்டுகள் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பெயர் குறிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டிருக்கிறேன். டொனால்ட்சன் கண்டதே உண்மை. சூட்டையும் குளிரையும் அறிபவை உறை எதுவும் இல்லாத வெறும் நரம்பு நுனிகளே. குளிர் நுனிகள் தோலின் மேற்பரப்பை ஒட்டியும், சூட்டு நுனிகள் அவற்றுக்குச் சற்று ஆழத்திலும் இருக்கின்றன.

தோலில் இருப்பவை நுனிகள் மட்டுமே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நரம்பணுவின் உடல் தோலில் இல்லை. அது முதுகெலும்பின் ஓரத்தில், தண்டுவடத்தை ஒட்டிய சிறு முடிச்சு ஒன்றில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை தோலுக்கும் மற்றொரு கிளை தண்டுவடத்துக்கும் செல்கின்றன. உங்கள் கால் பெருவிரலின் சூட்டை அறியும் நரம்பணுவுக்கு உடல் இடுப்புக்கு அருகே. நுனி கால் விரலில். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு ஒரு மீட்டர் நீளம் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். ஆனால் அதுதான் உண்மை.

அந்த நீண்ட இழையில் செல்லும் செய்தி எத்தகையது? 1926இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்ற ஆங்கிலேயரும் சொட்டர்மன் என்ற ஸ்வீடன் நாட்டவரும் தனி ஒரு நரம்பிழையில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். துடிப்புகள் யாவும் ஒரே அளவினவாக இருந்தன. தூண்டுதல் மிகுந்தால் துடிப்பு பெரிதாவதில்லை. அடுத்தடுத்து விரைந்து வருகிறது. தந்தி அலுவலகத்துக் கருவி தட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்ரியனுக்கு 1932இல் நோபெல் பரிசு கிடைத்தது.

குளிரை அறியும் இழை ஒன்றைக் கவனித்தால், தோல் வழக்கமான வெப்பத்தில் இருக்கும்போதே அது மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். தோலைத் திடீரென்று குளிர்வித்ததும் சடசடவென்று தட்டும். சில விநாடிகளில் அந்த வேகம் தணிந்து, பழைய வேகத்தைக் காட்டிலும் சற்றே கூடுதலான ஒரு வேகத்தில் நிலைபெறும். சூட்டு இழையும் அவ்வாறே, தோல் வெப்பமடையும்போது. ஆற்றில் முதல் முழுக்குப் போடும்போது உடல் சிலிர்ப்பதும், மூன்றாவது முழுக்கில் அதே நீர் இதமாக இருப்பதும் இதனால்தான். நீர் மாறவில்லை, கரையிலிருந்து யாரும் வெந்நீர் ஊற்றவும் இல்லை. நரம்பு, நிலைமையைவிட மாற்றத்தையே உரக்கச் சொல்கிறது. உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டில் ஒரு டிகிரியில் பத்தில் இரண்டு பங்கு வெப்பம் சட்டென்று ஏறினாலும் நாம் அறிந்துகொள்கிறோம். ஆனால் அதே தோலை நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் மெல்ல மெல்லச் சூடாக்கினால், நாலைந்து டிகிரி ஏறிய பிறகும் நமக்குத் தெரிவதில்லை. மூன்று பாத்திரச் சோதனையின் மருமமும் இதுவே. குளிர்ந்த கை நடு நீரில் வெப்பமடைகிறது. சூடான கை அதே நீரில் குளிர்கிறது. இரண்டும் தத்தம் மாற்றத்தைச் சொல்கின்றன.

ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. தோலின் வெப்பம் சுமார் 30 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் இடையில் இருக்கும்வரை நரம்பு விரைவில் சமாதானமாகிவிடும். அதற்கு வெளியே சென்றால் எவ்வளவு நேரமானாலும் சூடு சூடாகவும் குளிர் குளிராகவும் தோன்றிக்கொண்டே இருக்கும். 43, 45 டிகிரியை எட்டினாலோ, சூடு என்ற உணர்வோடு வலி என்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அந்த வலிக்கு உரியவை வேறு நரம்பிழைகள். அங்கே பழக்கம், சமாதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி, நுனியிலே நடப்பது என்ன என்னும் கேள்விக்கு வருவோம். சூடு எப்படி மின்துடிப்பாக மாறுகிறது? இதற்கு விடை தந்தது, நம்முடைய அடுக்களையிலே இருக்கும் மிளகாய்.

"நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா?" என்று நாம் கேட்பதுண்டு. வேகாது. ஆனால் பச்சை மிளகாய் ஒன்றைக் கடித்தால் நெருப்பே இல்லாமல் வாய் எரிகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. மிளகுபோல் உறைப்பதால் மிளகாய் என்று நம்மவர் பெயரிட்டார்கள். உறைப்பு நம் மொழியில் ஒரு சுவை. ஆனாலும் உறைப்பு மிகுந்தால் "நாக்கு எரிகிறது" என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலேயரோ சூட்டுக்கும் மிளகாய்க் காரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் வெறும் உவமை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருளுக்குக் காப்சைசின் என்று பெயர். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும், இப்பொருள் நரம்பணுவில் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேட முற்பட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை எளிய கருத்துடையது, ஆனால் பெரும் உழைப்பைக் கேட்பது. எலியின் முதுகெலும்பு ஓரத்து நரம்பணுக்களில் வேலை செய்யும் மரபணுக்களின் படிகளை எல்லாம் எடுத்தார்கள். அவற்றை ஆயிரக்கணக்கில் தொகுதி தொகுதியாகப் பிரித்து, காரம் என்றால் என்னவென்றே அறியாத சிறுநீரக உயிரணுக்களுக்குள் செலுத்தினார்கள். உயிரணுவுக்குள் கால்சியம் புகுந்தால் ஒளிரும் ஒரு சாயத்தையும் இட்டார்கள். பிறகு ஒவ்வொரு தொகுதியின் மீதும் காப்சைசினை ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு தொகுதியில் சில உயிரணுக்கள் ஒளிர்ந்தன. அந்தத் தொகுதியைப் பிரித்து, மறுபடியும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவுக்கு வந்து சேர்ந்தார்கள். அஃது உண்டாக்கும் புரதம், நரம்பணுவின் மேல்தோலில் பதிந்த ஒரு நுண்வாயில் என்று தெரிந்தது. நான்கு துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவே ஒரு துளையை உண்டாக்குகின்றன. துளை மூடியிருக்கும், காப்சைசின் வந்து பொருந்தினால் திறக்கும். திறந்ததும் சோடியமும் கால்சியமும் மின்னேற்றத்தோடு உள்ளே பாய, நரம்பில் துடிப்பு பிறக்கிறது.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் வரலாற்றில் நின்றது. மிளகாய்ச் சத்தே இல்லாமல், அந்த உயிரணுக்களை வெறுமனே சூடாக்கினார்கள். ஏறத்தாழ 43 டிகிரியில் அதே வாயில் தானாகத் திறந்துகொண்டது! நாம் சூட்டை வலி என்று உணரத் தொடங்கும் அதே அளவு. ஆகவே மிளகாயைக் கடித்தபோது மூளைக்குச் செல்வது நெருப்பைத் தொட்டபோது செல்லும் அதே செய்திதான். "நாக்கு எரிகிறது" என்று சொன்ன நம் முன்னோர் உவமை சொல்லவில்லை. இக்கண்டுபிடிப்பு 1997இல் வெளிவந்தது. வாயிலுக்கு டி.ஆர்.பி.வி. 1 என்று பெயர். பெயர் உங்களுக்கு மறந்துபோனாலும் குற்றமில்லை.

ஒரு சிறு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பறவைகளிடமும் இந்த வாயில் உண்டு, சூட்டுக்குத் திறக்கும், மிளகாய்க்குத் திறக்காது. கிளி மிளகாய்ப் பழத்தை ஆசையோடு தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரம் தெரிவதே இல்லை.

நெருப்புக்கு மிளகாய் வழிகாட்டியது போல், குளிருக்குப் புதினா வழிகாட்டியது. புதினாவிலுள்ள மெந்தாலை வாயிலிட்டால் சில்லென்று இருக்கிறது அல்லவா? அதே சொட்டர்மன், ஹென்செல் என்னும் ஜெர்மானிய அறிஞருடன் சேர்ந்து, மெந்தால் குளிர் நரம்புகளையே நேராக எழுப்புகிறது என்று 1951இல் காட்டியிருந்தார். ஐம்பதாண்டுக்குப் பிறகு, 2002இல், ஜூலியஸின் கூட்டத்தாரும் அதே கலிபோர்னியாவில் மற்றோர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்டெம் பட்டபூட்டியன் என்பவரின் கூட்டத்தாரும் தனித்தனியே மெந்தால் வாயிலைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும்போது அது திறக்கிறது. பட்டபூட்டியன் லெபனான் நாட்டுப் பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நாட்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1986இல், அமெரிக்காவுக்குக் குடியேறியவர். தொடுதலை அறியும் வாயிலையும் பின்னர்க் கண்டுபிடித்தவர் அவரே. இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த நுண்வாயில்களில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மிளகாய் வாயில் இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகள், மிளகாய்ச் சத்தைக் கலந்த நீரைக் கவலையின்றிக் குடித்தன. ஆனால் சுடும் பொருளைத் தொட்டால் காலை இழுத்துக்கொள்ளத்தான் செய்தன. அப்படியானால் சூட்டுக்கு வேறு வழியும் இருக்க வேண்டும். பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தார் 2018இல் அதனைத் தெளிவாக்கினார்கள். சுடும் சூட்டை அறிய மூன்று வகை வாயில்கள் இருக்கின்றன. மூன்றில் ஒன்றை நீக்கினாலும், இரண்டை நீக்கினாலும் எலி தப்பித்துக்கொள்கிறது. மூன்றையும் நீக்கினால் மட்டுமே சுடுவதை அறியாமல் நிற்கிறது. ஒரு களஞ்சியத்துக்கு மூன்று காவலரை வைப்பது போல இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது.

காவலர் சொன்ன செய்தி மூளைக்குச் சென்று, நாம் யோசித்து, பிறகு கையை எடுப்பதென்றால் கை வெந்துபோகும். சூட்டுணர்வைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளில் செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே நகர்கிறது. நாம் நடக்கும் வேகம்தான். கொழுப்புறை போர்த்த சற்றுத் தடித்த இழைகளில் அது விநாடிக்குப் பத்து, இருபது மீட்டர் ஓடுகிறது. சுடுபாத்திரத்தைத் தொட்டதும் விரைவான செய்தி முதலில் தண்டுவடத்தை அடைய, தண்டுவடமே மூளையைக் கேட்காமல் தசைக்கு ஆணையிட்டுக் கையை இழுத்துவிடுகிறது. 'சுரீர்' என்ற உணர்வு முதலிலும், 'திகுதிகு' என்ற எரிச்சல் சற்றுப் பொறுத்தும் வருவதை நீங்கள் யாவரும் அனுபவித்திருப்பீர்கள். முன்னது விரைவு அஞ்சல், பின்னது சாதாரண அஞ்சல்.

வலி என்பது தொல்லை, அதை ஒழித்துவிட்டால் நல்லது என்று எண்ணுவோர் உண்டு. மிளகாய் வாயில் கண்டுபிடிக்கப்பட்டதும், அதை அடைத்துவிட்டால் வலியைப் போக்கலாம் என்று மருந்து செய்வோர் பலர் முயன்றார்கள். சோதனைக்காக அம்மருந்துகளை உட்கொண்டவர்களில் சிலருக்கு உடல் வெப்பம் ஏறியது. சிலருக்குச் சுடும் பொருளின் சூடு சரியாகத் தெரியாமற்போயிற்று. சுட்டுக்கொள்ளும் அபாயம் கண்டு மருந்தைக் கைவிட நேர்ந்தது.

இப்போது என் மாணவனிடம் வருகிறேன். 1986ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பத்தாம் வகுப்பு மாணவர்கள் சோதனைக்கூடத்தில் நீரைச் சூடாக்கி நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் குனிந்து, வெப்பமானியில் கண்ணை ஊன்றி, வலக் கையின் சுண்டுவிரல் ஓரத்தை இரும்பு முக்காலியின் விளிம்பில் சாய்த்துக்கொண்டு அளவைப் படித்துக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் முக்காலி. பக்கத்தில் நின்ற பையன்தான் கத்தினான். இவன் கையை எடுத்துப் பார்த்தான்; தோல் வெந்து வெளுத்திருந்தது. "சூடு தெரியவில்லையாடா?" என்று கேட்டேன். "இல்லை சார்" என்றான். அவன் குறித்திருந்த அளவுகள் அத்தனையும் சரியாக இருந்தன. நான் என்ன செய்தேன், தெரியுமா? வகுப்பைப் பார்த்து, "வேலையில் கவனம் என்றால் இப்படி இருக்க வேண்டும், கை வெந்ததுகூடத் தெரியவில்லை பாருங்கள்" என்று அவனைப் புகழ்ந்தேன். அவனும் பெருமையோடு சிரித்தான்.

மூன்று மாதம் கழித்து, மாணவர்களைப் பரிசோதிக்க ஒரு மருத்துவர் பள்ளிக்கு வந்தார். அவன் முன்கையில் வெளிறிய தேமல் போன்ற ஒரு திட்டு இருந்தது. இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து, அவன் கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேலும் சுண்டுவிரல் பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்தார். எது வெந்நீர், எது தண்ணீர் என்று அவனால் சொல்ல முடியவில்லை. முழங்கையின் உட்புறத்தில் நரம்பு கயிறுபோல் தடித்திருப்பதைத் தடவிக் காட்டினார். "இவன் இதற்கு முன் கையைச் சுட்டுக்கொண்டதுண்டா?" என்று என்னைக் கேட்டார். நான் உண்டு என்று தலையை அசைத்தேன். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டார். அக்கிருமி உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த இடத்தையே விரும்பும். அதனால் தோலையும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையும் பற்றுகிறது. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களுக்குள் புகுந்து வாழ்கிறது. சூட்டையும் குளிரையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் முன்னதாகவே கெடுகின்றன. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், அது தவறு என்று காட்டியவர்களுள் முதன்மையானவர். அந்த விரல்களின் சதை மற்றவர்களுடைய சதையைப் போலவே ஆறுகிறது. சுடும் பாத்திரத்தைப் பிடித்தும், முள்ளின் மேல் நடந்தும், அதை அறியாமல் மறுபடியும் மறுபடியும் புண்படுவதுதான் விரல்களைக் குறைக்கிறது. கைக்குக் கேடு செய்தது காவலர் இல்லாமற்போனதே.

அக்காவலரை இழப்பது தொழுநோயினால் மட்டுமன்று. நீரிழிவு நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தாலும் கால் நரம்புகளின் நுனிகள் கெடுகின்றன. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லின் மீது வெறுங்காலோடு நடந்து, வீட்டுக்கு வந்த பிறகே கொப்புளத்தைக் காணும் பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், குளிக்கும் வெந்நீரைக் காலால் தொட்டுப் பார்க்க விடாதீர்கள். நீங்கள் முழங்கையை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். மாலையில் ஒருமுறை உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு உங்கள் உடலிலோ நண்பன் உடலிலோ தென்பட்டால் மறைக்க வேண்டாம். 1981இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்து முறையால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. 1995 முதல் அம்மருந்து இலவசமாகவே கிடைத்து வருகிறது. நரம்பு கெடுமுன் வந்தால் எந்த ஊனமும் இல்லை.

என் மாணவனும் மருந்து உண்டான், நோய் போயிற்று. ஆனால் போன உணர்வு திரும்பவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றும் அவனுக்குச் சூடு குளிர் சொல்வதில்லை. இப்பொழுது அவன் ஐம்பதைக் கடந்தவன், சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தபோது என் மனைவி எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பேச்சை நிறுத்தாமலே, இடக் கையின் புறத்தை டம்ளரின் மேல் ஒரு கணம் வைத்து எடுத்தான். பிறகு வலக் கையின் கட்டைவிரலாலும் முதல் இரண்டு விரல்களாலும் அதைப் பிடித்து, மற்ற இரண்டு விரல்களையும் டம்ளரில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு குடித்தான்.